கழற்றிவைத்த செருப்பு

அன்று படிப்பகத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை படித்துச் சொல்லும் பொன்னுசாமி. ரயில் பட்டறைக் கொல்லர் வீரய்யா. முடிவெட்டும் கோவிந்தன். துணிக்கடை காதர் பாய். பிறகு நான், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். ஐந்தே பேர், வேறு யாரும் உள்ளே இல்லை.

பேய் பிசாசை நான் நம்பியவன் இல்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கிள்ளான் ஆற்றோரம் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் அந்தப் படிப்பகம். ஞாயிறு மத்தியானம் பொன்னுசாமி வாரப் பத்திரிகையில் வரும் மாயாஜாலக் கதையை உரக்கப் படிப்பார். எழுதியவர் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். யார் கதை என்று நாங்கள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவன் எல்லோருக்கும் கோப்பி வாங்க வேண்டும். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் காதால் கண்டுபிடித்துவிடுவேன். ராணியின் நகையைச் சொல்லியே பாதிக் கதையை ஓட்டுகிறவர் ஒருவர். பூதம் வந்ததும் எல்லோரையும் மயங்கி விழ வைக்கிறவர் இன்னொருவர்.

என் தம்பி முத்துவும் எழுதினான். அவன் ஆட்கள் நிலாவுக்குப் போகிற கப்பலாக இருந்தாலும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். கதை முடியும்போது திரும்பி வந்து மாட்டிக்கொள்வார்கள்.

"நிலாவுக்குப் போறவன் செருப்பைக் கழட்டணுமாடா?" என்பார் வீரய்யா.

"உங்களை மாதிரி கரிக் காலோட ஏறினா கப்பல்காரன் எறக்கி விட்டுருவான் அண்ணே" என்பான்.

அந்த வருஷம் கிள்ளான் ஆறு பெருகியபோது தம்பி வெள்ளத்தோடு போனான். உடல் கிடைக்கவில்லை. நான் தேடாத கரை இல்லை. கருமாதி செய்துவிடு என்றார்கள் பெரியவர்கள். அவன் பெண்டாட்டி அஞ்சலை தாலியைப் பிடித்துக்கொண்டு, "பொணத்தைக் காட்டுங்க, கழட்டுறேன்" என்றாள். நாள் முழுக்க ஆற்றங்கரையில் நின்றாள். சோறு இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை. இப்படியே போனால் இரண்டும் தங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு கரையிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு படிப்பகம் போனேன். வெறுங்காலோடு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டாள். நாங்கள் வழக்கம்போல் செருப்பை வாசலில் விட்டு உள்ளே உட்கார்ந்தோம்.

பொன்னுசாமி படித்தார். வெள்ளம் இரும்புப் பாலத்தைத் தொடுகிறது. ஒருவன் ஆற்றுக்குள் இறங்கிப் போகிறான். அடியில் ஓர் ஊர். அதன் வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கிறான்.

கோப்பிப் பேச்சே இல்லை.

"முத்து கதை" என்றார் வீரய்யா.

"முன்னாடியே எழுதிக் குடுத்திருப்பான்" என்றார் காதர் பாய்.

"வெள்ளம் பாலத்தைத் தொட்டது அவன் போன அன்னைக்குத்தானே பாய்?" என்றான் கோவிந்தன்.

உயிரோடு எங்கோ இருந்து எழுதுகிறான் என்றே நினைத்தேன். "படிங்க அண்ணே. செருப்பை மாட்டுறானா பாருங்க" என்றேன்.

பொன்னுசாமி கடைசி வரை படித்தார். அந்த ஊர்க் கதவு சாத்திக்கொண்டது. செருப்பு வெளியிலேயே கிடந்தது. அவ்வளவுதான் கதை.

"மாட்டலையா?" ஜன்னலில் அஞ்சலை.

"இல்லம்மா."

ஆறு பெருகிய பிறகு அன்றுதான் அவள் அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு, "பசிக்குது மாமா" என்றாள்.

பெயரைப் பார்க்கப் பொன்னுசாமி விரலை எடுத்தார். பெயர் இல்லை. கதையும் இல்லை. ரப்பர் விலையும் கப்பல் வரும் நாளும்தான் அந்தப் பக்கத்தில் இருந்தன. "இப்பத்தானே படிச்சேன்" என்று தாள் தாளாகப் புரட்டினார். காதர் பாய் தன் கடைப் பத்திரிகையைக் கொண்டுவந்து பார்த்தார். அதிலும் இல்லை.

அந்த வாரமே காரியம் செய்தோம். அஞ்சலை தானே தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

அதெல்லாம் பிறகு. அன்று நாங்கள் வெளியே வந்தபோது அஞ்சலை வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை இல்லாத நாள், படி ஈரமாக இருந்தது. இன்றைக்கும் எந்த வாசலிலும் செருப்பை எண்ணாமல் நான் உள்ளே போவதில்லை. அன்றும் எண்ணினேன். வீரய்யாவும் எண்ணினார்.

ஆறு ஜோடி.