பக்கத்துச் சீற்

விசுவமடுவில் பிரதாபனை எல்லோரும் உழவு இயந்திர டொக்டர் என்பார்கள். ஆனால் அவன் உயிர் முழுக்க, மாட்டுக் கொட்டிலில் தார்ப்பாயால் மூடிக்கிடந்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில்தான் இருந்தது. கொழும்பில் யாரோ வெள்ளத்தில் விட்டுக் கைகழுவிய வண்டி. டர்போவை ஒரு காரிலிருந்தும் ரேடியேற்றரை இன்னொன்றிலிருந்தும் கொண்டுவந்து, ஒவ்வொரு நட்டாகத் தானே பூட்டி அதற்கு மூச்சு வரவைத்தான். கழற்றும் சாமானைத் தட்டிக்கொடுத்து, "வா, வீட்டை போவம்" என்று சொல்லித் தூக்குவது அவன் பழக்கம்.

"எனக்கு ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்லை" என்று மனைவி அனோஜா நக்கலடிப்பாள். கலியாணமாகி எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து இந்தக் காரில் கூட்டிவரவேண்டும் என்பதே அவன் கண்ட கனவு.

பக்கத்துச் சீற் மட்டும் கிழிந்து ஊத்தையாகக் கிடந்தது. வவுனியாவில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் முஹ்ஸின் நானாவிடம் அதே வகைக் கார் ஒன்று முன்பக்கம் நசுங்கி நின்றது. சீற் மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. பிரதாபன் போல்ட்டுகளைக் கழற்றி, தட்டிக்கொடுத்து, வழக்கமான வார்த்தையைச் சொன்னான். வாய்க்குப் போன தேத்தண்ணிக் கோப்பையை முஹ்ஸின் நானா அப்படியே பிடித்துக்கொண்டார். ஆள் செத்த வண்டியில் வாய் திறக்காமல்தான் சாமான் கழற்றவேணும் என்று சொன்னார். பிரதாபன் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் பட்டப்பகலில் சீற்றைப் பூட்டி, திறப்பைப் போட்டுத் திருப்பியபோது டாஷ்போர்ட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருப்பவர் பெல்ற் போடவில்லை என்று சொல்லும் விளக்கு. பக்கத்தில் யாருமே இல்லை.

சீற்றுக்கு அடியில் இருந்த சென்சரை மாற்றினான். எரிந்தது. வயரையே பிடுங்கினான். அப்போதும் எரிந்தது. கடைசியில், இல்லாத அந்த ஆளுக்குப் பெல்ற்றை இழுத்துப் பூட்டினான். அணைந்தது. பிரதாபன் மெதுவாகக் காரைவிட்டு இறங்கினான். வீட்டு நாய் அந்தப் பக்கத்துக் கதவைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது.

ஒருநாள் ஏறப்போன அனோஜா, சீற்றில் வைத்த கையைச் சட்டென்று எடுத்தாள். காலையிலிருந்து நிழலில் நின்ற கார்.

"சூடாயிருக்கு. ஆரோ இப்பத்தான் எழும்பின மாதிரி. என்ர பிள்ளையோட நான் இதில ஏறமாட்டன்."

கனவு கையை விட்டுப் போவதை உணர்ந்த பிரதாபன், முஹ்ஸின் நானாவுக்குப் போன் எடுத்தான். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். செத்தவன் ஒட்டுசுட்டான் ஊர்ப் பெடியன், ஜனகன். கூட்டாளியின் காரில் அந்தப் பக்கத்துச் சீற்றில் இருந்தபடி வந்தவன். வீட்டுக்கு வாறன், சோறு போட்டு வையுங்கோ என்று தாய்க்குச் சொன்னவன், வந்துசேரவில்லை.

"அவன் தன்ட வீட்டுக்குப் போகத்தான் இருந்தவன் தம்பி. நீங்க கூப்பிட்டீங்க. உங்கட வீட்டுக்கு வந்திட்டான்."

அன்று மத்தியானமே பிரதாபன் ஒட்டுசுட்டானுக்குக் காரை விட்டான். வழிநெடுக விளக்கு எரிந்தது. காரை நிறுத்திய பிறகும் அணையவில்லை. தாய் தங்கம்மா தனியாக இருந்தாள். யோசித்து வைத்திருந்த பொய் எதுவும் அவன் வாயில் வரவில்லை. நடந்ததையே சொன்னான். அவள் அழவில்லை. கார்க்கதவைத் திறந்து, சீற்றைத் தடவினாள்.

"வந்திட்டியா ராசா? சோறு ஆறிப்போச்சடா."

டாஷ்போர்ட்டில் விளக்கு அணைந்தது. பிரதாபன் தொடவே இல்லை.

போல்ட்டுகளைக் கழற்றி, இந்தமுறை ஒரு சொல்லும் பேசாமல், சீற்றைத் தூக்கி விறாந்தையில் வைத்தான். செத்த வீட்டில் "போட்டு வாறன்" என்று சொல்லி விடைபெறுவதில்லை. அவனும் சொல்லாமல் எழும்பிவந்தான். பின்னால், குசினியில் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போடும் சத்தம் கேட்டது.

கிழிந்த பழைய சீற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பூட்டி, பிடுங்கிய வயரையும் திரும்பக் கொளுவினான். அனோஜா பயந்து பயந்து ஏறினாள். விளக்கு எரிந்தது, அவளுக்காக. பெல்ற்றைப் பூட்டினாள். அணைந்தது.

"என்ன, வா எண்டு ஒரு சொல்லும் இல்லையோ?" என்றாள் குறும்பாக.

சொல் நாக்கு நுனிவரை வந்தது. காரைச் சுற்றி வேறு யார் காதில் விழுமோ என்று அதை விழுங்கிக்கொண்டு, அவள் கையை மட்டும் ஒருதரம் அழுத்தினான். பின்கண்ணாடியைப் பார்க்காமலே காரை எடுத்தான்.