அப்பாவுக்காக மெதுவாக வாசித்த வரி

இன்று ரண்டர்ஸ் நகரத் தேவாலயத்தில் ஒருத்தி வயலினில் பரோக் என்ற பழைய ஐரோப்பிய இசையை வாசித்தாள். ஒரு வரியை உரத்து வாசித்து, அதையே எதிரொலிபோல் மெதுவாகத் திருப்பி வாசித்தாள். எனக்குப் பத்து வயதாயிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

அப்பா இரவுவேலை முடித்துப் பகலில் உறங்குவார். அதனால் வீட்டில் வயலினில் எல்லாவற்றையும் மெதுவாகவே வாசித்துப் பழகினேன். இசைப்பள்ளி ஆசிரியை, "உரத்த வரி எங்கே?" என்று கேட்டபோது அழுதுவிட்டேன். அம்மா அதை அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது, அப்பா சிவந்த கண்களோடு குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நித்திரை கொள்ளேல்லையோ அப்பா?"

"நான் எழும்பிட்டன். நீ பலமா வாசி பிள்ளை."

வில்லை அழுத்தி இழுத்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெதுவான வரிக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அப்பா மேசையில் தலைசாய்த்து உறங்கிப்போயிருந்தார்.

அவர் எழும்பும்வரை அந்த மெதுவான வரியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.