எதிர்ப்பக்கம் போன கையெழுத்து

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் வங்கி திறந்தார்கள், எங்கள் பழைய அரசு வங்கிக்கு நேர் எதிரே. டை கட்டிய பையன்கள் பட்டுக்கடைக்காரர் வீடுகளுக்கே பைக்கில் போய்க் கணக்குத் திறந்தார்கள். என் தோழி வீட்டுக்கும் போனார்கள். எங்கள் நெசவாளர் தெருமுனை வந்ததும் வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

அவளுக்கு ஏடிஎம் கார்டு வந்தது. பெயர் புடைத்த எழுத்தில் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், வயிறு எரிந்தது. எனக்கு இன்ஜினீயரிங் இடம் கிடைத்திருந்தது. கல்விக்கடன் இல்லாமல் சேர வழியில்லை, கடனுக்கு முதலில் கணக்கு வேண்டும். அவளோ வெயிலுக்கு ஏடிஎம் அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒதுங்கத்தான் அந்தக் கார்டை வைத்திருந்தாள்.

"வாடி, உள்ள ஏசி ஓடிக்கினு இருக்குது."

போனேன். நன்றாகத்தான் குளிர்ந்தது. அது தனி எரிச்சல்.

பழைய வங்கியில் கணக்குத் தொடங்க, அங்கே ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் நம்மைத் தெரியுமென்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் எதற்கும் முதலாளிதான். தறிக்குப் பாவு நூலும் ஜரிகையும் அவர் கொடுப்பது. அப்பா யோசிக்காமல் அவரிடமே வாங்கி வந்தார். முதலாளி என்றால் தோழியின் அப்பா.

மேலாளர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவரு கணக்க மூடிட்டு எதிர்ல போயிட்டாரேபா. இது இங்க செல்லாது."

கார்டுதான் அவளுக்கென்றால், எங்களுக்கிருந்த ஒரே கையெழுத்தையும் அந்தக் கண்ணாடிக் கதவு விழுங்கியிருந்தது.

முன்பென்றால் அத்தோடு அனுப்பியிருப்பார்கள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த நேரம்; மேலாளர் எங்களை உட்காரச் சொல்லி, தெருவில் வேறு யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பக்கத்து வீட்டுப் பூக்காரம்மா நினைவு வந்தது. நகைக்கடனுக்காக அங்கே கணக்கு வைத்திருந்தார். முதலாளி இருக்க இவரிடம் எப்படிக் கேட்பது என்று அப்பா இழுத்தார். அவர் முடிப்பதற்குள் நான் ஓடியிருந்தேன்.

பூக்காரம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "முதலாளி கைவிட்டா என்னாண்ட வராரா உங்கப்பன்? வரட்டும், நான் பாத்துக்கறேன்."

கணக்கு திறந்தது. கடனும் கிடைத்தது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேராகத் தோழியிடம்தான் போனேன். புரட்டிப் பார்த்தாள்.

"கார்டு குடுக்கலையாடி?"

பாதி சந்தோஷம் அங்கேயே போனது. கல்லூரியில் சேரப் பேருந்து ஏறிய அன்றும், அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டும்வரை தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.