வால் திரும்பிய பக்கம்

வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்திலும் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் காய்ச்சல்காரி என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘ஸ்வெட்டர்’ என்றே பெயர். வேலை நேரத்தில் பாதி, குளிர் அறையில் போய்விடும். ஃபிரிட்ஜுக்குள் ஆள் நடமாட இடம் விட்டது போன்ற அறை அது.

அங்கே அவள் தேடியது ஓர் உருவத்தை. மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் இருக்கிறதே, அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள். எல்லாவற்றையும் எப்போதும் படியெடுத்துக்கொண்டிருந்தால் செல் தாங்காது. எதை எப்போது படியெடுக்கலாம் என்று சொல்ல, ஏறக்குறைய இருபது புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே உடம்பாக நிற்கின்றன. அந்த உடம்பு எப்படி இருக்கும்? கல்யாணமான வருஷம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் விடை கிடைத்தபாடில்லை. ஈஸ்ட்டை உடைத்து, கழுவி, பிரித்து எடுப்பதற்குள் அந்தக் கூட்டம் கலைந்துவிடும்; அதிலும் ஆய்வுக்கூடத்தில் ‘வால்’ என்று அழைக்கும் கீழ்முனைதான் முதலில் கழன்றுகொள்ளும்.

“இன்னிக்கு யார் கோச்சுக்கிட்டுப் போனது?” என்று கேட்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். புரதம் பற்றித் தெரியாவிட்டாலும் மனைவியின் முகம் தெரியும்.

“வால் பக்கம் இருந்த நாலு பேரும் மொத்தமா கிளம்பிட்டாங்க.”

சுவருக்கு அந்தப்புறம் இதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், “உங்க வீட்ல ஏதும் பாகப்பிரிவினையாம்மா?” என்று விசாரித்தே விட்டார்.

ஆய்வுக்கூடத்துக்குப் புது எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது. அதுவரை புரதங்களைப் படிகமாக்கித்தான் பார்க்க முடியும் என்று இருந்தார்கள். படிகத்துக்குச் சுத்தம் முக்கியம், அதனால் கெட்டியான உப்புக் கரைசலில் கழுவு கழுவென்று கழுவுவாள். புது மிஷினுக்குப் படிகமே வேண்டாம். புரதங்கள் மிதக்கும் துளியை நொடியில் உறைய வைத்து, லட்சக்கணக்கில் படம் எடுத்தால் போதும். எது எந்த ரகம் என்று கணினி பிரித்துக்கொள்ளும். பேருந்தில் நின்றுகொண்டே வந்தவளுக்குத் திடுக்கென்றது. குப்பையைப் பிரிக்கத்தான் கணினி இருக்கிறதே, நான் எதற்கு இந்தக் கழுவு கழுவுகிறேன்? கழுவுகிற கழுவில்தானே வால் கழன்று போகிறது?

மறுநாளே உப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். கிடைத்த கலங்கல் துளியை எடுத்துக்கொண்டு நுண்ணோக்கி அறைக்குப் போனாள். அங்கே இருந்த ஆபரேட்டரை எல்லோரும் சிடுமூஞ்சி என்பார்கள். மிஷின் பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தால்கூட அவருக்கு ஆகாது.

“என்னம்மா, சேத்தை அள்ளிட்டு வந்திருக்கே?”

“சேறுதான் அண்ணே. உள்ள மீன் இருக்கு. பாருங்க.”

முனகிக்கொண்டே உறைய வைத்தார், படம் எடுத்தார். சாம்பல் திரையில் எள்ளைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். கணினி அவற்றைப் பிரித்துக் கூட்டி உருவமாக்கச் சில நாட்கள் பிடித்தது. ஒருநாள் காலை குளிர் அறையில் ஃபோன் அடித்தது. சிடுமூஞ்சிதான்.

“கையில இருக்கிறதை வெச்சுட்டு வா.”

மூன்று மாடி ஓடினாள். திரையில் பச்சையும் நீலமுமாக ஓர் உருவம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. தலை. முதுகு. அதன் கீழே, இத்தனை வருஷமாகக் கைக்கு அகப்படாத வால். இடது பக்கமாக வளைந்து, முதுகை ஒட்டிக்கொண்டு! அவள் போட்ட கூச்சலில் வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“கத்தாதே, மிஷின் ஆடும்” என்றார் சிடுமூஞ்சி. சொல்லிவிட்டு மௌஸால் அந்த உருவத்தை அவரே மறுபடி மறுபடி சுற்றிப் பார்த்தார்.

கணவரைக் கூப்பிட்டாள். “ஒருத்தர்கூடப் போகலைங்க! அத்தனை பேரும் இருக்காங்க!”

“வாலுமா?”

“வாலும்தாங்க!”

அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் கூண்டு மேல் நின்றபடி போட்ட ‘ஹோ’ கீழ்த்தளம் வரை கேட்டதாம்.

கட்டுரை எழுதி முடிக்கும் தறுவாயில்தான், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வேறொரு நாட்டில் வேறொரு குழு அதே கூட்டத்தின் உருவத்தை வெளியிட்டுவிட்டது. அவளுடைய பேராசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் அந்தக் கட்டுரையைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையல் மேடையோரம் வைத்துவிட்டு, பாத்திரங்களை ஓசைப்படக் கழுவினாள். கடைசியில் மனசு கேட்கவில்லை. ஈரக் கையோடு புரட்டினாள். படம் வந்த பக்கத்தில் கை நின்றது.

தலை அதேதான். முதுகும் அதேதான். வால் வலது பக்கம் விலகி நின்றது.

“யாரோ தப்பு பண்ணியிருக்காங்க” என்றார் மறுநாள் பேராசிரியர். “அது நாமளா இல்லாம இருக்கணும்.”

அவள் நேரே சிடுமூஞ்சியிடம் போனாள். “அண்ணே, கணினி வேண்டாம்னு ஒதுக்கின படமெல்லாம் இருக்கா?”

“இருக்கு. குப்பையை ஏன் கிளறுறே?”

“எனக்கென்னவோ அதுக்குள்ளதான் இருக்கும்னு தோணுது.”

கிளறினார்கள். ஒதுக்கியவற்றை மட்டும் தனியே பிரித்துக் கூட்டியபோது, சின்னதாக ஒரு கூட்டம் எழுந்து வந்தது. வால் வலது பக்கம்! ஒரே துளிக்குள் இரண்டும் இருந்திருக்கின்றன. அவளும் தப்பு செய்யவில்லை, அவர்களும் செய்யவில்லை. அது அசைகிறது! இத்தனை நாளும் சிலை என்று நினைத்துத் தேடியதற்கு உயிர் வந்தது போல அவளுக்கு மயிர் கூச்செறிந்தது.

போட்டிக் குழுவின் கட்டுரையில் முதல் பெயராக இருந்த தமிழ்ப் பெண்ணை ஃபோனில் பிடித்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“நீங்க ஒதுக்கின படங்களைக் கொஞ்சம் பாருங்களேன். வால் இடது பக்கம் மடங்கினது இருக்கான்னு.”

அந்தப் பெண் “பார்க்கிறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கோபமோ என்னவோ என்று இவள் தவித்தாள். அந்த வாரமே திரும்பக் கூப்பிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், “இருக்கு! அக்கா, இருக்கு!” என்று கத்தினாள். அன்றிலிருந்து இவள் அக்கா. வயதை யாரும் சரிபார்க்கவில்லை.

அப்படியானால் எது வாலைத் திருப்புகிறது? ‘இந்த மரபணுவைத் திற’ என்று சேதி கொண்டுவரும் வேறொரு புரதம் உண்டு. தங்கைக்காரியின் துளியில் அது கலந்திருந்தது, இவள் துளியில் பேருக்குத்தான் இருந்தது. இவள் தன் துளியில் அதைச் சேர்த்துப் பார்ப்பது என்று பேசிக்கொண்டார்கள். முடிவு வரும் நாளில் தங்கைக்காரி ஃபோனில் காத்திருந்தாள்.

“என்னக்கா, என்ன தெரியுது?”

“இரு, இப்பத்தான் வருது. அண்ணே, தள்ளுங்க, மறைக்குது!”

“என் ரூம்ல என்னையே தள்ளச் சொல்றியா?” என்றவர், திரையைப் பார்த்ததும் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். “திரும்பிடுச்சும்மா! முக்கால்வாசி வலது பக்கம்! முக்கால்வாசி!” முன்பின் பார்த்திராத அந்தப் பெண்ணிடம் அவர் கால் மணி நேரம் பேசினார். ஸ்வெட்டருக்கு ஃபோன் திரும்பக் கிடைத்தபோது பேட்டரி தீரும் நிலையில் இருந்தது.

இரு குழுவும் சேர்ந்தே கட்டுரை எழுதின. வால் அசைவதைக் காட்டிய அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஆய்வுக்கூடம் அதுவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த அவளை நிரந்தரமாக்கியது. யார் பெயர் முதலில் என்பதில் மட்டும் சண்டை வந்தது. ‘நீங்கதான்’, ‘நீதான்’ என்று இருவரும் பிடிவாதம் பிடித்தார்கள். கடைசியில் நாணயம் சுண்டுவது என்றானது. பூ விழுந்தால் தங்கை, தலை விழுந்தால் அக்கா. தங்கைக்காரி தன் வீட்டில் சுண்டினாள்.

“தலை விழுந்துச்சுக்கா.”

“பொய் சொல்றே. காட்டு.”

“கட்டிலுக்கடியில உருண்டு போச்சு. நம்புங்கக்கா” என்றாள் தங்கைக்காரி, சிரிப்பை அடக்க முடியாமல்.