வாலக்கா முன்னால் வந்த நாள்

“டீச்சர், அந்த ஆய்வாளர் காப்பி குடிச்சாச்சா?” என்று கேட்டார் வாலக்கா, தலைத்துணியை மூன்று மடிப்பாக மடித்து நெற்றிக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டே.

“குடிச்சாச்சு அக்கா.”

“முழுசா குடிச்சாரா, பாதியில வச்சுட்டாரா?”

“முழுசா.”

“அப்ப நல்ல மூடுலதான் இருக்காரு. போய் அவர் பாஷையில கேட்டுடு. முன் சீட்டு எனக்கு வேணும்னு.”

“தலைவருக்குத் தெரியுமா அக்கா?”

“தெரியாம என்ன? நேத்து சாப்பிட உக்காந்தப்ப சொன்னேன். சோத்துல வச்ச கைய எடுக்கல, வாய்க்கும் கொண்டு போகல. அப்புறம் மோர் ஊத்துன்னாரு. கோவம் வந்தா அவர் மோர் கேக்க மாட்டாரு.”

“இங்க வால்ல என்ன குறை?”

“குறையா? ராணி மாதிரி இருக்கேன். ஆனா ரோட்ட நான் ஒருநாளும் பாத்ததில்ல டீச்சர். எனக்கு முன்னாடி எப்பவும் இந்த இறக்கைதான். அவர் எங்க இழுக்கிறாரோ அங்க போறேன். ஒரு தடவையாவது நான் இழுக்கணும். போ, குடிச்ச காப்பி சூடு ஆறுறதுக்குள்ள கேளு.”

துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் காற்றாலை இறக்கைகளை நெடுஞ்சாலை வழியே மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தக் குழுவின் வேலை. அந்தச் சின்னக் கடற்கரை நகரத்தைச் சுற்றிக்கொண்டு போக நெடுஞ்சாலைக்கு வழியில்லை. அது ஊருக்குள் நுழைந்து, கடைத்தெருவின் நடுவே ஓடி, மருந்துக்கடை முக்கில் இடப்பக்கம் மடங்கி, கடலோரமாக வெளியேறுகிறது. இறக்கையும் அதே வழியில்தான் போயாக வேண்டும்.

இறக்கையின் தடித்த முனையைச் சுமந்து இழுப்பது முன்வண்டி. அதைத் ‘தலை’ என்பார்கள். மெலிந்த முனைக்குக் கீழே, தனக்கென்று ஒரு ஸ்டியரிங்கும் ஓர் இரும்பு இருக்கையும் தகரக் கூரையும் கொண்ட சக்கரக்கட்டு ஒன்று இருக்கிறது. அது ‘வால்’. இரண்டுக்கும் நடுவே வண்டி என்று எதுவும் கிடையாது. இறக்கைதான் வண்டி. தலையில் உட்கார்ந்திருப்பவரைத் தலைவர் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? அவருடைய மனைவி வாலில் உட்கார்ந்திருப்பதால் வாலக்கா. அவர்களுடைய சொந்தப் பெயர்கள் சம்பளச் சீட்டில் மட்டும் புழங்குகின்றன.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளருக்கும் குழுவுக்கும் நடுவே மொழிபெயர்ப்பதற்காக நிறுவனம் அனுப்பிய பெண். அதிகம் பேசமாட்டாள், பேசினால் முற்றுப்புள்ளி வைத்துப் பேசுவாள். முதல் நாளே வாலக்கா பெயர் சூட்டிவிட்டார்.

வாலக்காவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். ஆள் குட்டை, தோள் அகலம். வாலில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் செருகிவிடுவார். “வெறுங்கால்ல இருந்தாத்தான் இரும்பு என்ன சொல்லுதுன்னு தெரியும்.” வண்டி நகரத் தொடங்கியதும் இறக்கையோடு பேச ஆரம்பிப்பார். “வாடி கண்ணு, வா. மெதுவா. அங்க என்ன பார்வை? நேரா வா.” வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினால் குரல் மாறும். “ஏங்க, கொஞ்சம் விடுங்க. இன்னும். இன்னும். போதும்ங்கிறேன்ல!” தலையிலிருந்து பதில் வரும்: “வீட்டுலயும் போதும், ரோட்டுலயும் போதும். எங்கதான் நான் போறது?” முன்னால் போகும் காவல் வண்டியில் இருப்பவர்களும், நீண்ட கழியால் மின்கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிக்காரரும் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். இவர்கள் இருவரும் பேசாமல் வந்தால்தான் அவர்களுக்குக் கவலை.

பின்னால் உட்கார்ந்தே பழகியவர் வேறெங்கே உட்காருவார்? பேருந்தில் ஏறினால் கடைசி இருக்கை. கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தி. குடும்பப் படங்களில் பின்வரிசையில் அவருடைய தலைத்துணி மட்டும் தெரியும். “முன்னாடி நின்னா எனக்கு முதுகு கூசுது” என்பார். அப்படிப்பட்டவர்தான் முன் சீட்டைக் கேட்டார்.

ஆய்வாளர் சிரிக்கவும் இல்லை, தட்டிக்கழிக்கவும் இல்லை. கனரக வண்டி உரிமம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பட்டறை வளாகத்தில் வெறும் வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். வாலக்கா காட்டினார். மூன்றாவது வண்டி ஒன்று வரப்போகிறது, அதன் தலைக்கு ஆள் தேவைதான் என்றார் ஆய்வாளர். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார்: ஊருக்குள், உண்மையான இறக்கையோடு, ஒரே ஒரு ஓட்டம். நானும் பக்கத்தில் இருப்பேன். நடுவழியில் வேறொருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க நேர்ந்தால் வெளியிலிருந்து ஓட்டுநரை வரவழைத்துக்கொள்வேன், இந்தப் பேச்சை மறுபடி எடுக்கமாட்டேன். டீச்சர் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னாள். வாலக்கா தலையை ஆட்டினார். “நியாயமான மனுஷன். எனக்கு யார் வாலு?”

“வேற யாரு?” என்றார் அங்கே டயரைத் தட்டிக்கொண்டிருந்த தலைவர், நிமிராமலே.

அந்த ஓட்டத்தன்று காலையில் குழுவே தலைவரைப் பிடித்துக்கொண்டது. “தலைவரே, வாலுக்கு வந்துட்டீங்களா? பதவி போச்சா?” என்றார் கம்பிக்காரர். தலைவர் இரும்பு இருக்கையில் உட்கார்ந்து பார்த்து, நெளிந்து, “இதுல ஒரு தலையணை கூட இல்லையே” என்றார். “கேட்டிருந்தா நானே வச்சிருப்பேன்ல” என்று அவர் சொன்னபோது வாலக்கா ஏற்கனவே முன்பக்கம் நடந்துவிட்டிருந்தார்.

வெயில் ஏறத் தொடங்கியதும் வண்டி ஊருக்குள் நுழைந்தது. முன்வண்டியின் ஓட்டுநர் கூண்டில் வாலக்கா, நடுவில் டீச்சர், அந்தப் பக்கம் ஆய்வாளர். கடைக்காரர்கள் படுதாக்களைச் சுருட்டிக்கொண்டார்கள். முடிதிருத்தும் கடையில் ஒரு கன்னத்தில் நுரையோடு ஒருவர் வாசலுக்கு வந்து நின்றார், பின்னாலேயே கத்தியோடு கடைக்காரரும். இறக்கையின் நிழல் ஒவ்வொரு கடையாக நுழைந்து வெளியேறியது. ஒரு கடைக்குள் நுழைந்த நிழல் வெளியே வருவதற்குள் ஒரு வியாபாரத்தையே முடித்துவிடலாம். ஆனால் யாரும் வியாபாரம் செய்யவில்லை. மாடி சன்னல்களில் இருந்தவர்களுக்கு அது கண்ணெதிரே போனது, மீனின் வயிறுபோல வெளுப்பாக, எங்கும் ஒரு தையலோ மூட்டோ இல்லாமல். ஒரு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கையை நீட்டி அதைத் தொட்டாள். தொட்ட உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காற்றில் சுழல வேண்டிய ஒன்று, ஒருநாள் அவள் வீட்டு விளக்கையே எரிக்கக்கூடிய ஒன்று, இப்போது நடைவேகத்தில், அவள் விரல் எட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ முறை பார்த்த ஊர்தான். ஒவ்வொரு முறையும் வாயடைத்துத்தான் நிற்கிறது.

மருந்துக்கடை முக்கு வந்தது.

தலை இடப்பக்கம் திரும்பும்போது வாலை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் நடுவில் இருக்கும் இறக்கை கட்டடங்களைச் சீவிவிடாமல் வளைவில் வழுக்கி வரும். இந்த வளைவைப் பார்த்தாலே வாலக்காவின் கைகள் பல வருடங்களாக வலப்பக்கம்தான் போயிருக்கின்றன. அன்றும் போயின. முன்வண்டியின் மூக்கு கடலோரச் சாலையை விட்டுவிட்டு, எதிரே இருந்த நடைபாதைத் தடுப்பைப் பார்த்து நகர்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். ஒரு பெருமூச்சோடு எல்லாம் நின்றது.

தடுப்பு இடிபடவில்லை. ஒரு முழம் இடைவெளி இருந்தது. ஆனால் நெடுஞ்சாலை முழுவதும் அடைபட்டிருந்தது. பின்னால் எங்கோ ஒரு ஹாரன், அதைத் தொடர்ந்து பத்து ஹாரன்கள். வாலக்கா தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்தார்.

ஆய்வாளர் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். டீச்சருக்கு அதை மொழிபெயர்க்க மனம் வரவில்லை. இருந்தும் சொன்னாள்: “உங்கள் கணவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்கிறார்.”

“கூப்பிட்டா?”

“கூப்பிட்டால், அவ்வளவுதான் அக்கா.”

வாலக்கா கைப்பிரேக்கைப் போட்டார். “அப்ப கூப்பிட வேணாம்னு சொல்லு. நான் இறங்கி ஒரு நடை போயிட்டு வரேன். அதுக்கு அவர் நிபந்தனையில எடம் இருக்கான்னு கேளு.”

ஆய்வாளர் சற்று யோசித்தார். ஸ்டியரிங்கை வேறு யாரும் தொடாதவரை இடம் இருக்கிறது என்றார்.

வெறுங்காலோடு அவர் இறங்கினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாந்து, உள்ளங்கையை இறக்கையின் அடிப்புறத்தில் வைத்துத் தேய்த்தபடியே வாலை நோக்கி நடந்தார். இறக்கை மெலிய மெலிய அவருடைய கை சரிந்தது. ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வண்டியைத் திட்ட வாயெடுத்தவர்கள்கூட அந்தக் கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். முன்வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவர் ஒரு புள்ளியாகிப் போனார். தலைவர் பழக்கமில்லாமல் வாக்கியின் பொத்தானை அழுத்திப் பிடித்தே வைத்திருந்ததால் பேச்சு மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

“என்ன?”

“கை வாலுக்கே போகுதுங்க.”

“எனக்கு மட்டும் என்னவாம்? வால்ல பிரேக்கு இல்லைங்கிறதே மறந்து போச்சு. நீ நிறுத்தினப்ப நான் வெறும் தகரத்த மிதிச்சுக்கிட்டு இருந்தேன். கால் வலிக்குது.”

ஒரு சிரிப்பு. பிறகு தலைவரின் குரல்.

“ஏய், எனக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியல. வெள்ளையா ஒரு சுவரு. இப்படியா இத்தனை வருஷம் உக்காந்திருந்த?”

“ம்.”

“எப்படி வந்த?”

“நீங்க இழுத்தீங்க, வந்தேன்.”

இரும்பு இருக்கை கிறீச்சிட்டது.

“சரி, போ. ஊரு காத்துக்கிட்டு இருக்கு. நீ இழு. நான் வரேன்.”

திரும்பி நடந்து வரும்போது வாலக்கா இறக்கையைத் தொடவில்லை. கைகளை வீசிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் போல வந்தார். ஏறி உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். ஸ்டியரிங்கின் இடப்பக்கத்தை இரண்டு விரலால் தட்டி, பிள்ளைக்குச் சொல்வதுபோலத் தன் கைக்குச் சொன்னார்: “இங்க. சரியா? இங்க.”

பிறகு நடந்ததைக் கடைத்தெருவில் இன்றும் சொல்கிறார்கள். தலை இடப்பக்கம் மடங்கியது. மூக்கு தடுப்பை விட்டு விலகிக் கடலோரச் சாலைக்குள் புகுந்தது. இறக்கையின் நடுப்பகுதி மருந்துக்கடையின் மாடி விளிம்பை நோக்கி வந்தது, வந்தது, இனி இடித்துவிடும் என்று கடைக்காரரே கண்ணை மூடிக்கொண்ட இடத்தில் மிதந்து விலகியது. கொடியில் கிடந்த துண்டு ஒன்று அந்தக் காற்றில் லேசாக ஆடியது, அவ்வளவுதான். வாக்கியில் இப்போது ஒலித்த குரல்கள் இடம் மாறியிருந்தன.

“விடட்டுமாங்க?”

“விடு. இன்னும். இன்னும். போதும்ங்கிறேன்ல!”

“போதும் போதும்னா நான் எங்கதான் போறது?”

கம்பிக்காரர் கழியைப் பிடித்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். மாடிகளில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு தெரு அகலத்துக்குள் அத்தனை நீளமும் வளையாமலே வளைந்து வருவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

முன்வண்டி கடலோரச் சாலையில் நேரானது. அதுவரை கதவுக் கைப்பிடியைப் பற்றியிருந்த ஆய்வாளர் கையை எடுத்து, முழங்காலில் துடைத்துக்கொண்டு, டீச்சர் பக்கம் திரும்பினார். மூன்றாவது வண்டியின் தலை இனி இவருக்குத்தான், திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார். அவர் முகத்திலும் மாடியில் நின்றவர்களின் முகம்தான் இருந்தது.

டீச்சர் இவ்வளவு ஆசையாக ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்கக் காத்திருந்ததில்லை. வாயைத் திறந்தாள். வாலக்கா பக்கக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

“எதுவா இருந்தாலும் இப்ப சொல்லாத டீச்சர். அவர் இன்னும் முக்குல இருக்காரு.”