நிற்பவனுக்குக் குத்தாத முள்

முள்ளைத் தூவியவுடன் எதிரில் நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஆட்டத்தில் எங்களுக்கு முதலில் பிடிபடாமல் இருந்தது அதுதான். நெருப்பைக் கக்கினால், எதிரிக்கு மிச்சமிருக்கும் உயிரைத் திரையில் காட்டும் உயிர்க்கோடு குறையும். வாலால் அடித்தால் குறையும். முள்ளைத் தூவினால் மட்டும் அது பாட்டுக்கு அவன் காலடியில் கிடக்கும். அவனும் அவன் பாட்டுக்கு நிற்பான். அவனை விலக்கிக்கொண்டு இன்னொருவனைக் களத்தில் இறக்கும்போதுதான், இறங்குகிறவன் காலில் அது ஏறும்.

போன மாதம் என் மகன் கைபேசியில் இதை விளையாடிக்கொண்டிருந்தான். பூதங்களை வளர்த்துச் சண்டைக்கு விடும் அதே ஆட்டத்தின் புதிய வகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு விளக்க ஆரம்பித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்ற பரிவு அவன் குரலில் இருந்தது.

"பறக்கதுக்கு மட்டும் குத்தாதுலா?" என்று கேட்டேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி மார்கழி அது. எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு எதிர்க்கரையில், வாழைக்கு நடுவே நாலு தெரு. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அப்பா குத்தகைக்கு வாழை போட்டிருந்தார். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார். வண்ணார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் அவர் வீடு. மாமாவுக்கு ஒரே மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன், எனக்கு அத்தான் முறை.

அரையாண்டு விடுமுறைக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டதில் ஒரு திட்டம் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து நான் மாமா வீட்டில் தங்கி, அத்தானோடு அவன் பள்ளிக்கூடத்துக்கே போவது என்று அம்மாவும் மாமாவும் பேசி வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு அதில் மனமில்லை. பெண்டாட்டி வீட்டுச் சோற்றில் பிள்ளையை வளர்க்கிறான் என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும், அவரால் தாங்க முடியாது. அதற்காக மாமாவின் முகத்துக்கு நேரே மறுக்கவும் அவரால் முடியவில்லை. "பய அவன் வாயால இருக்கேன்னு சொல்லட்டும், இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கும் பிள்ளை நான். அதை யோசித்துத்தான் அப்பா அப்படிச் சொன்னாரோ என்னவோ. அம்மா நிபந்தனையைக் காப்பாற்றினாள். எனக்கு அது வெறும் லீவு என்றுதான் தெரியும்.

மாடிப்படி ஏறி வாசலில் நின்றதுமே அத்தை, "காலை நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வாலே" என்றாள். வாழைச் சேறு ஏறிக் கறுத்துப்போன என் குதிகால் வெடிப்புகளை அதுவரை நான் கவனித்ததே இல்லை. கடைக்குப் போய்த் திரும்பினாலும், மொட்டைமாடியிலிருந்து இறங்கினாலும் அத்தையின் குரல் அதையே சொல்லும். எனக்கென்று சொல்லுகிற சொல் என்றே நினைத்தேன். அதனால் முதல் சில நாள் முடிந்தவரை வெளியே போகாமல் இருந்தேன். சாப்பிடும்போது இரண்டாவது தோசை கேட்கக் கூச்சம். துணி வைத்திருந்த வயர்கூடையை அத்தானின் அறையில், அலமாரிக்குப் பக்கத்துத் தரையில், சுவரோரமாக யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வைத்துக்கொண்டேன்.

மாமா அந்தத் தடவை ஜப்பான் பக்கம் போய்விட்டு வந்திருந்தார். கைக்குள் அடங்கும் விளையாட்டுப் பெட்டி இரண்டு கொண்டுவந்திருந்தார். மகனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று. கப்பலில் கூட வேலை பார்த்தவர் விளையாடிவிட்டுக் கொடுத்தவை. ஆகவே பூதங்கள் ஏற்கெனவே வளர்ந்து சண்டைக்குத் தயாராக இருந்தன. இரண்டு பெட்டியையும் ஒரு கம்பியால் இணைத்தால் நாங்கள் ஒருவரோடு ஒருவர் மோதலாம். ஆளுக்கு ஆறு பூதம். களத்தில் ஒரு நேரத்துக்கு ஒன்று. திரையில் விளக்குக் கிடையாது. அதனால் காலையிலேயே மொட்டைமாடிக்குப் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வோம். கீழே பஸ்களின் இரைச்சல் ஓய்வதே இல்லை.

எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அத்தானுக்கும் அதில் ஒரு எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வீட்டில் நான் நிம்மதியாக இருந்த முதல் இடம் அந்தத் திரைதான். ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். கொள்ளிக்கட்டை, பீச்சாங்குழல், வால்சாட்டை. என்னிடம் இரும்புப் பந்துபோல ஒரு பூதம் இருந்தது. அதற்கு இரும்புத் தேங்காய் என்று பெயர். அதனிடம் இருந்த ஒரு வித்தையை அமுக்கினால் சின்னச் சின்ன முள் பறந்துபோய் எதிரியின் காலடியில் விழும். அவ்வளவுதான். அவனுக்கு ஒரு துளி உயிர் குறையாது. அதற்கு அத்தான் வைத்த பெயர் சும்மா.

"அது சும்மாலே. ஒண்ணுஞ் செய்யாது. அதப் போயி அமுக்குதியே" என்று சிரிப்பான்.

ஒருநாள் கை தவறி அதை அமுக்கிவிட்டேன். அத்தான் சிரித்துக்கொண்டே, களத்தில் நின்ற தவளையை உள்ளே இழுத்துவிட்டு யானையை இறக்கினான். யானை வந்து நின்றதும் ஒரு தரம் குலுங்கியது. அதன் உயிர்க்கோட்டில் ஒரு துண்டு காணவில்லை.

"நீ என்னலே செஞ்ச?"

"நான் ஒண்ணுஞ் செய்யல அத்தான்."

"பின்ன எப்படிக் கொறஞ்சுது?"

அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டது எங்கள் காதில் விழவில்லை. அத்தான் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தான். தவளையை இறக்கினான், குத்தியது. உள்ளே இழுத்து மறுபடி இறக்கினான், மறுபடி குத்தியது. ஒருமுறை தூவியபின் மறுபடியும் தூவச் சொன்னான். பெட்டி ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. கடைசியாகத் தன் சிவப்புக் கழுகை இறக்கினான். காலே தரையில் படாத அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தான் தொடையைத் தட்டிக்கொண்டான்.

"நிக்கவனுக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. வாரவனுக்குத்தான். அவனும் வந்து அங்கனயே நின்னுட்டாம்னா அப்புறம் குத்தாது. போயிப் போயி வந்தாத்தான் ஒவ்வொரு தடவையும் குத்தும்."

எங்கள் ஊரில் வேலியில் ஆடு நுழையும் சந்தில் உடைமுள் வெட்டிப் போடுவார்கள். உள்ளே நின்று மேய்கிற ஆட்டை அது என்ன செய்யும்? நுழைகிற ஆட்டுக்குத்தான். நான் அதைச் சொன்னதும் அத்தான், "அப்பம் இது ஒங்க ஊரு வித்தையில்லா. நீயே வச்சுக்கோ" என்றான்.

அதிலிருந்து நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். முதலில் இரும்புத் தேங்காயை இறக்கி முள்ளைத் தூவிவிடுவேன். அத்தான் யானையை விடுவான், எடுப்பான், தவளையை விடுவான், எடுப்பான். வருவதும் போவதுமாக அவன் பூதங்கள் பாதி உயிரை முள்ளிலேயே விட்டுவிடும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். ஓட்டப்பந்தயத்தில், கோலிக்குண்டில், மனக்கணக்கில் எதிலும் ஒருவரையும் முந்தாதவன் நான். ராத்திரி சாப்பாட்டில் மாமா, "என்னடே, மருமகன்ட்ட இன்னைக்கும் மண்ணைக் கவ்விட்டியா?" என்று மகனைக் கேட்பார். "அவன் ஆட்டமே வேறப்பா. முள்ளப் போட்டுட்டுப் பேசாம உக்காந்திருக்கான், கள்ளப் பய" என்பான் அத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. இரண்டாவது தோசை கேட்டேன். மூன்றாவதும் கேட்டேன். ஒரு மத்தியானம் மாமாவைப் பார்த்தே அத்தை, "காலைக் கழுவிட்டு வாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. அந்த வீட்டில் எல்லாருக்கும் அதே சொல்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் அது என்னைக் குத்தவில்லை.

அந்த நாட்களில் எப்போது கேட்டிருந்தாலும் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

விடுமுறையின் கடைசி நாள் காலையில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா ஒரு தார் கதலி கொண்டுவந்திருந்தார். கீழே பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் மொட்டைமாடியில் கடைசியாக ஒரு ஆட்டம் போட்டோம். அத்தான் அடிக்கடி படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே விளையாடினான். அவனுடைய யானை என் பூதம் இரண்டைச் சாய்த்துவிட்டு நன்றாகத்தான் நின்றது. என்னிடம் மிஞ்சியது ஒன்றுதான்; இன்னும் இரண்டு அடி அடித்தால் ஆட்டம் அவனுடையது. அந்த நேரம் பார்த்து யானையை உள்ளே இழுத்தான். தவளை வந்து முள்ளில் நின்றது. அடுத்து தவளையை இழுத்தான். யானை திரும்ப வந்து முள்ளில் நின்றது.

நான் எட்டி அவன் திரையைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் அந்தச் சிவப்புக் கழுகு, உயிர்க்கோடு முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. யோசித்தால், சோதித்துப் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு அதை நான் களத்தில் பார்க்கவே இல்லை.

"கழுகை ஏன் அத்தான் எறக்கல?"

"மறந்துட்டேன்."

அவனுக்குப் பொய் சொல்ல வராது. முள்ளின் வழக்கம் அத்தனையையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். நின்றால் குத்தாது என்று தெரிந்தவன் எதற்குப் போய்ப் போய் வருகிறான்?

"பூராவும் நீயாத்தான் தோத்தியா?"

அவன் மறுபடி படிக்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, "அதனால என்னலே. இன்னைக்கு மட்டும் கோவப்படாத மாப்ள. இப்பம் கூப்புடுவாவ" என்றான்.

எதற்குக் கூப்பிடுவார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கம்பியைப் பிடுங்கினேன். இரண்டு திரையிலும் பூதங்கள் நின்ற இடத்தில் நின்றன. என்னைப் பாவம் என்று நினைத்திருக்கிறான் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. அப்படியானால் மாமாவின் கேலி, நான் கேட்டதும் அத்தை வைத்த தோசை எல்லாம் அதே கணக்குத்தான். இறங்கிக் கீழே வந்தேன். "காலைக் கழுவிட்டு வாலே" என்றாள் அத்தை. முதல் நாள் குத்தியதைப் போலவே குத்தியது.

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தித் தோளில் கை போட்டார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னலே மருமகனே, இங்கனயே இருந்துக்கிடுதியா?" என்று மாமா கேட்டார்.

இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

"இல்ல மாமா. வீட்டுக்குப் போவணும்."

அத்தைதான், "நல்லா யோசிச்சுச் சொல்லுலே. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள். அத்தான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

"போவணும்."

பிறந்ததிலிருந்து நான் அத்தனை தெளிவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அதான் அவனே சொல்லிட்டானே" என்று அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்குக் கடலை வாங்கித் தந்தார். அவர் அப்படியெல்லாம் வாங்கித் தருகிறவர் அல்ல. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பேட்டை தாண்டியும் முகத்தைத் திருப்பவில்லை. அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. குமட்டுகிறது என்று நினைத்து, "எலுமிச்சம்பழம் வேணுமாம்மா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் வந்தபோது, வாழைக்கு ஆள் பற்றவில்லை, அடுத்த வருஷம் சேரன்மகாதேவியில் சேர்த்துவிடலாம் என்றார் அப்பா. அடுத்த வருஷத்துக்குள் நான் இலை அறுக்கவும் கட்டவும் பழகிவிட்டேன். சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கமாகவும் இருந்தது. மாமா கொடுத்த பெட்டி என்னிடம்தான் இருந்தது. கம்பி அந்த மொட்டைமாடியில் கிடந்தது. கம்பி இல்லாமல் அதில் ஒருவரோடும் மோத முடியாது. பேட்டரி தீர்ந்ததும் பரண்மேல் போட்டுவிட்டேன். இன்றைக்கும் இலைக்கட்டுதான் என் பிழைப்பு. அதில் குறை ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டிலிருந்து இங்கிலீஷில் எழுதி வருகிற சீட்டை என் மகன் படித்துச் சொல்லும்போது மட்டும் சில சமயம் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அத்தான் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினான். விருந்துக்கு இலை நான்தான் கொண்டுபோனேன். கூட்டம் குறைந்தபின் அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வயதாகிவிட்டால் பழசெல்லாம் வாய்க்கு வந்துவிடுகிறது.

"நீ வருதேன்னு தெரிஞ்சதும், அவன் அலமாரில கீழ்த்தட்டு ரெண்டையும் ஒழிச்சு, நாந்தான் துடைப்பேன்னு அவனே துடைச்சு வச்சாம்லே. ஒத்தப் பிள்ள பாரு. நீ இங்கனயே இருந்துருவேன்னு அவனுக்கு அம்புட்டு நம்பிக்கை."

அத்தான் காதில் அது விழுந்திருக்க வேண்டும். பந்தியில் மிஞ்சிய இலைகளை அடுக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தக் காலித் தட்டுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அத்தானிடம் சாமான் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த விடுமுறை முழுவதும், துடைத்துச் சுத்தமாக இருந்த அந்தத் தட்டுகளுக்கு ஒரு சாண் தள்ளி, என் வயர்கூடை தரையிலேயே இருந்தது.