ஜெயபுரத்தில் ஒரு முதிரைக் கதவு

சண்டையால் இடம்பெயர்ந்து கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது ட்ரக்டர் பெட்டியில் நாங்கள் ஏற்றியவற்றில் பாரமானவை இரண்டு. ஒன்று என் தையல் மெசின். மற்றது நிலையோடு கழற்றிய வீட்டு முன்கதவு. ஜெயபுரத்தில் மண்சுவர் எழுப்பி, கிடுகுக் கூரை வேய்ந்து, அந்த முதிரை மரக் கதவை வாசலில் நிறுத்தினோம். மெசின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அது களவு போனால் அடுப்பு எரியாது. அதனால் கிணற்றடிக்குப் போனாலும் ஆமைப்பூட்டைப் போட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

அந்த ஒழுங்கையில் மற்ற வாசல்களில் தொங்கியது சாக்கு. எதிர்வளவு அக்காவுக்கு என் பூட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவருடைய வாய் எனக்குப் பிடிக்கும், என்னைக் கடிக்காத நாட்களில்.

ஒரு காலை நான் வாளியோடு திரும்பி வர, அக்கா என் வாசலில் நின்றார்.

"தண்ணி அள்ளப் போகவும் பூட்டோ? ஆருக்குப் பூட்டுறாய் தங்கச்சி?"

"கள்ளனுக்கு, அக்கா."

"உனக்கு முன்னால இருக்கிறது நான். அப்ப நான்தான் கள்ளி."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

"நீ ஏன் சொல்லுவான்? உன்ர பூட்டுச் சொல்லுது, விடிஞ்சாப் பொழுதுபட்டா!"

"உங்களுக்கு ஏன் சுடுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். இரண்டு கையாலும் கதவை ஓங்கி இடித்தார். கதவு அசையவில்லை, நிலை அசைந்தது. வெயிலில் மண் காய்ந்து நிலையைச் சுற்றி வெடித்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கிளிநொச்சியில் சீமெந்துச் சுவரில் இருந்த நினைப்பு எங்களுக்கு. நிலை, கதவு, பூட்டு எல்லாம் ஒன்றாக உள்ளே விழுந்தன. புழுதி அடங்க, ஒழுங்கையில் நின்ற எல்லோருக்கும் மெசின் தெரிந்தது.

"பூட்டு உடையேல்லை, பயப்பிடாதை," என்றார் அக்கா. ஒழுங்கையே சிரித்தது.

"பூட்டைக் கும்பிட்டுக்கொண்டு சுவரை மறந்திட்டம்," என்றார் என் கணவர். அன்று பின்னேரமே காட்டுமரக் கப்பு இரண்டு வெட்டி வந்து, ஆழக் கிடங்கு கிண்டி நட்டு, நிலையை இரண்டோடும் நீள ஆணியால் இறுக்கினார். உள்ளே குறுக்குச் சட்டமும் போட்டார். தோளால் இடித்துப் பார்த்தேன், நொந்தது தோள்தான்.

அடுத்த நாள் அக்கா வாசலில் நின்று, தைக்கத் தந்த பள்ளிக்கூடச் சட்டைத் துணியைத் திருப்பிக் கேட்டார். "இஞ்ச கள்ளர் கூடிப்போச்சாம். எங்கட துணி எங்களிட்டயே கிடக்கட்டும்." அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் துணி கேட்டு நின்றார்கள்.

கொடுத்தேன். கதவைப் பூட்டிவிட்டு, வேலை கேட்டு அடுத்த ஒழுங்கைக்கு நடந்தேன். அயலைக் கள்ளராக நினைக்கிறவள் என்ற கதை எனக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.